உதகைக் காற்றில் ஜி25-550: டிரிஃப்ட் காருக்கு ஏற்ற டர்போதானா?

பின்சக்கரங்களை வழுக்கவிட்டே வளைவுகளில் ஓட்டும் டிரிஃப்ட் காருக்கு டர்போ (எஞ்சினின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் வரும் என்பதைத்தான். கேட்க வேண்டியதோ, ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்பது. நீலகிரியில் காரை வைத்துக்கொண்டு கோவையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: இந்த டர்போ எந்த உயரத்துக் காற்றை இழுக்கப்போகிறது? நிசான் எஸ்ஆர்20டிஇடி எஞ்சின் ஏற்றிய எங்கள் பழைய காண்டஸாவில், காரெட் நிறுவனத்தின் ஜி25-550 டர்போவை மலையிலும் சமவெளியிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே அதை இங்கே மதிப்பிடுகிறேன்.

எஸ்ஆர்20டிஇடி 1,998 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். எஸ்13 சில்வியாவில் வந்தபோது சிறிய டி25 வகை டர்போவுடன் 205 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) தந்தது. அந்த டர்போ கீழ்ச்சுற்றிலேயே விழித்துக்கொள்ளும், ஆனால் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும். டிரிஃப்ட்டில் எஞ்சின் பெரும்பாலான நேரம் நிற்பதோ அந்த மேல்சுற்றில்தான். ஆகவே பலரும் அடுத்துப் பார்ப்பது, 'டிஸ்கோ பொட்டேட்டோ' என்ற செல்லப்பெயர் பெற்ற, காரெட்டின் பழைய ஜிடி2860ஆர்எஸ். அதற்குத் தயாரிப்பாளர் குறிக்கும் மேல்வரம்பு 360 குதிரைத்திறன். ஜி25-550-க்கு, பெயரிலேயே இருப்பதுபோல், 550. இத்தனைக்கும் இரண்டின் சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பழையதன் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் காற்று நுழையும் பக்கம் 47.2 மி.மீ., வெளியேறும் பக்கம் 60 மி.மீ.; புதியதில் 48, 60. புகையால் சுழலும் டர்பைன் சக்கரமும் அங்கே 53.9 மி.மீ., இங்கே 54. இறக்கைகளின் வடிவம் மாறியதால், சக்கரம் பெரிதாகாமலே அது தள்ளும் காற்று கூடியிருக்கிறது. பெரிய சக்கரத்தின் சோம்பல் இல்லாமல் பெரிய டர்போவின் காற்று கிடைப்பதே இதன் முதல் சிறப்பு.

சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு 320 குதிரைத்திறனே போதும் என்றால், பழைய ஜிடி2860ஆர்எஸ்ஸை வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்துவதில் தவறே இல்லை. மலையில் கணக்கு வேறு. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம், 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் 96-ஐ ஒட்டி இருக்கிறது. சுமார் 2,240 மீட்டரிலுள்ள உதகையில் அது 77-க்கு இறங்கிவிடுகிறது. சுற்றுப்புற அழுத்தத்தையும் சேர்த்து எஞ்சினுக்குள் 2 பார் வேண்டுமென்றால், கோவையில் கம்ப்ரசர் காற்றை 2.1 மடங்கு அழுத்தினால் போதும், உதகையில் 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தில், 7,000 சுற்றில், இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 32 பவுண்ட் காற்றை விழுங்கும். எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்த முடியும் என்று காட்டும் வரைபடமான கம்ப்ரசர் மேப், தயாரிப்பாளர் குறித்துக்கொண்ட ஒரு நிலையான அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் வரையப்பட்டது. நாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப அந்த 32-ஐத் திருத்திய பிறகே மேப்பில் புள்ளி வைக்க வேண்டும். திருத்திப் பார்த்தால், கோவையில் 32-ஐ விட்டு அதிகம் நகராத எண் உதகையில் 40-ஐ நெருங்குகிறது. ஜிடி2860ஆர்எஸ்ஸின் மேப்போ 36-ஐ ஒட்டியே முடிந்துவிடும்.

அதாவது, கோவையில் வசதியாக உட்காரும் அதே புள்ளி, காரை மேலே கொண்டுவந்ததும் மேப்புக்கு வெளியே விழுகிறது. அதைக் கவனிக்காமல் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால், சக்கரம் வரம்பு மீறிச் சுழன்று, காற்றுக்குப் பதிலாகச் சூட்டைத்தான் கூட்டும். ஜி25-550-இல் இந்தப் புள்ளி மேப்புக்குள்ளேயே, ஓரத்திலிருந்து நல்ல இடைவெளி விட்டு விழுகிறது. நான் கூடுதல் விலையை ஏற்றுக்கொண்டது முதன்மையாக இதற்காகவே. டர்போவின் சுழல்வேகத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்த இதன் கம்ப்ரசர் கூட்டிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு அது ஆடம்பரம், மலையில் இருப்பவர்கள் அதை வாங்காமல் விடக்கூடாது.

ஓட்டும்போது என்ன தெரிகிறது? வளைவுக்குள் காரைத் திருப்பி, கிளட்சை ஒருமுறை உதைத்துப் பின்சக்கரங்களை வழுக்கவிட்ட பிறகு, ஓட்டுபவரின் வலதுகால் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் விடும், முக்கால்வாசி மிதிக்கும், ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கத்துக்குக் காரை மாற்றும்போது முழுவதுமாக விட்டு உடனே முழுவதுமாக மிதிக்கும். அந்த இடத்தில் பூஸ்ட் தாமதித்தால் டயருக்குப் பிடி கிடைத்துக் கார் நேராகிவிடும்; தாமதித்தது மொத்தமாக வந்து சேர்ந்தால் கார் சுற்றிவிடும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியபோது, 5,000 சுற்றுக்கு மேல் காலை எடுத்து வைத்த ஒவ்வொரு முறையும், பூஸ்ட் கால் போன போக்கிலேயே வந்தது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் பதிவுகளும் அதையே காட்டின. பால் பேரிங் இருப்பதும், ஆக்சிலேட்டரை விடும்போது காற்றைத் திருப்பி உள்வழிக்கே அனுப்பும் வால்வை நல்லதாகப் பார்த்துப் போட்டதும் இதற்கு உதவின.

பூஸ்ட் முழுமையாகத் தொடங்கும் சுற்று வேறு, மிதித்த பின் வரும் தாமதம் வேறு. டிரிஃப்ட்டில் சுற்று கீழே விழுவது அரிது என்பதால் முதலாவதைவிட இரண்டாவதே முக்கியம். இருந்தாலும் முதலாவதையும் அளந்தோம். 0.72 ஏ/ஆர் (புகைவழியின் அளவைக் குறிக்கும் எண்; சிறிதானால் வழி குறுகல்) டர்பைன் கூட்டுடன் கோவையில் 3,600 சுற்றை ஒட்டி 1 பார் பூஸ்ட் வந்தது. உதகைக்கு அருகே ஒரு தனியார் எஸ்டேட்டின் உள்சாலையில், ஏற்றத்தில், இரண்டாம் கியரில் பார்த்தபோது அது 4,000-ஐத் தொட்டது. "மேல வந்தா கொஞ்சம் தூங்குதுங்க" என்றார் உடன் வந்த கோவை மெக்கானிக். தூங்கத்தான் செய்கிறது, பூஸ்ட் எழும் முன் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றால், டர்பைனைச் சுழற்றும் புகையும் அந்த அளவுக்குக் குறையும். இதை மாற்ற எந்த டர்போவாலும் முடியாது. (கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தால் டிரிஃப்ட் ஆசை வருபவர்கள் இருக்கிறார்கள். அது பேருந்தும் ஜீப்பும் ஏறி இறங்கும் சாலை. எங்கள் கார் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு டோ வண்டியில்தான் இறங்குகிறது.)

டர்பைன் கூட்டு 0.49, 0.72, 0.92 என்ற மூன்று ஏ/ஆர் அளவுகளில் கிடைக்கிறது. மலையில் இருப்பதால் மிகச் சிறியதை எடுக்கலாம் என்று தோன்றும். 0.49 சீக்கிரம் விழிக்கும் என்பது உண்மை, ஆனால் மேல்சுற்றில் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் இடையே அழுத்தம் ஏறி, வெப்பமும் கூடும். நிமிடக்கணக்கில் 6,000 சுற்றுக்கு மேலேயே எஞ்சினைப் பிடித்து வைக்கும் விளையாட்டுக்கு அது ஒத்துவராது. இந்த எஞ்சினுக்கு என் பரிந்துரை 0.72. டர்பைன் சக்கரம் மார்-எம் உலோகக் கலவையில் 1,055 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்பட்டிருப்பதும் இந்த விளையாட்டுக்குத் தேவையான ஒன்று.

போட்டியாளர் என்றால் போர்க்வார்னரின் இஎஃப்ஆர் 6758. அதன் டர்பைன் சக்கரம் டைட்டானியம் அலுமினைடால் ஆனது, வழக்கமான இன்கோனல் (நிக்கல் கலவை) சக்கரத்தின் எடையில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். விரைவாக எழுவதில் அது இதற்குக் குறைந்ததல்ல. டி25 ஃபிளாஞ்சுடனும் (இணைப்புத் தட்டு) கிடைக்கும் என்பதால், எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் பழைய மேனிஃபோல்டை வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். உடல் பெரிது, காண்டஸாவின் எஞ்சின் அறையில் ஸ்டியரிங் தண்டுக்கு அருகே இடம் பற்றாது என்பதால் நாங்கள் அதை விட்டோம்.

பொருத்தும் வேலையில் டர்போவைவிட அதைச் சுற்றியுள்ளவையே எங்களைப் படுத்தின. வளையப் பிடியால் இணையும் வி-பேண்ட் மேனிஃபோல்டைச் செய்து தந்த பட்டறை மெல்லிய குழாயைப் பயன்படுத்தியிருந்தது, தாங்கும் சட்டமும் வைக்கவில்லை. டர்போவின் எடை முழுவதும் தொங்கியதில் மூன்றாவது சிலிண்டரின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தது. புகைக் கசிவால் பூஸ்ட் தாமதித்தபோது பழி முதலில் டர்போவின் மேல்தான் போனது. தடித்த குழாயில் மறுபடி செய்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுத்ததும் சரியாயிற்று. ஆயிலைக் கட்டுப்படுத்தும் துளை டர்போவுக்குள்ளேயே இருப்பதால் வெளியே இன்னொன்று போடத் தேவையில்லை. பழக்கத்தில் சிலர் அதையும் சேர்த்துப் போட்டு, பேரிங்குக்கு ஆயில் போதாமல் செய்துவிடுகிறார்கள். சனவரி அதிகாலையில் உறைபனி விழும் ஊரில், ஆயில் சூடேறும்வரை சுற்றைக் கூட்டாமல் இருப்பதும் அவசியம்.

டியூனிங் செய்பவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். பூஸ்ட் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டுமே அறியும். 0.7 பார் ஸ்பிரிங் கோவையில் மொத்தம் 1.66 பார் தரும், உதகையில் 1.47-ஐத் தாண்டாது. ஆகவே பூஸ்ட் இலக்கை மொத்த அழுத்தத்தில் எழுதி, டர்போவின் சுழல்வேகம் வரம்பைத் தொட்டால் தானாகப் பூஸ்ட் குறையும்படி ஈசியுவில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் காரில் அப்படி வைத்த பிறகு, மலையில் உச்சச்சுற்றில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மற்ற இடங்களில் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இழுக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, இறக்குமதி வரியோடு இது மலிவான பொருளல்ல. வாங்குபவர்கள் வெளி வேஸ்ட்கேட், மேனிஃபோல்ட், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), சுழல்வேக சென்சார் ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இவை அனைத்தும் சேர்ந்து டர்போவின் விலையையே நெருங்கின.