அல்புகர்க்கியின் பாறைச் செதுக்கல்கள்: எந்தப் பாதையில் நடப்பது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகருக்கு மேற்கே, மேசா மேட்டின் விளிம்பு சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரிய எரிமலைப் பாறைகளாகச் சரிந்து கிடக்கிறது. அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கல்கள். பெரும்பாலானவை இப்பகுதியின் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர்கள் 1300-க்கும் 1680-க்கும் இடையில் செதுக்கியவை. வெயிலில் கறுத்த மேல்தோலைக் கல்லால் கொத்தி எடுத்தால் உள்ளே வெளிர்நிறம் தெரியும், அதுதான் கோடு. 1990 முதல் இது பெட்ரோகிளிஃப் தேசிய நினைவிடம். பார்வையாளர் மையத்திலிருந்து எந்தப் பாதையும் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரில் தனியாகப் போகவேண்டும் என்பதால், அரைநாள்தான் இருக்கிறது என்றால் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது.

பலரும் போவது போக்கா நெக்ரா பள்ளத்தாக்குக்கு. மூன்று குட்டிப் பாதைகள், ஒரு மணி நேரத்தில் நூறு செதுக்கல்கள் வரை பார்த்துவிடலாம். குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றன. சிறு பார்க்கிங் கட்டணம் உண்டு. மக்காவ் கிளி உருவம் இங்கேதான். அந்தப் பறவை இந்த வறண்ட நிலத்தைச் சேர்ந்ததில்லை, தெற்கே மெக்சிகோவிலிருந்து வணிகத்தில் வந்தது. அந்த ஒரு கல்லுக்காகவே இங்கே வரலாம். மூன்றில் மேசா பாயின்ட் பாதை மட்டும் பாறைகளின் மேல் ஏறும், முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்க்கலாம். சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

ரிங்கொனாடா நடக்கப் பிடித்தவர்களுக்கு. சுற்றி வர 3.5 கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் மணல் காலை இழுக்கும். உள்ளே போகப் போக நகரத்துச் சத்தம் அடங்கிவிடும். சுமார் 300 செதுக்கல்கள் வழிநெடுகப் பரந்து கிடப்பதால் தேடும் பொறுமை வேண்டும். நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் இதைத் தொடங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

என் தேர்வு பியத்ராஸ் மார்க்காதாஸ். போய்வர 2.4 கிலோமீட்டர்தான், அதற்குள் 400 செதுக்கல்கள் வரை. பாதை குடியிருப்புகளின் பின்புறத்தில் தொடங்குவதால், முதலில் வேலிகளும் கூரைகளும்தான் கண்ணில் படும். பலருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கோ, சுற்றுச்சுவரை ஒட்டியே இத்தனை நூற்றாண்டுப் பழைய உருவங்கள் நிற்பதைப் பார்க்கும்போதுதான் இந்த இடத்தைக் காப்பாற்றியது எவ்வளவு பெரிய காரியம் என்று உறைக்கிறது. செதுக்கல்கள் அடர்த்தியாக இருப்பதால் ஒரே பாறையின் முன் நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. கழிப்பறை வசதியை எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

எரிமலைக் கூம்புகளைச் சுற்றும் நான்காவது இடத்தையும் சிலர் சொல்வார்கள். காட்சி அருமை, ஆனால் அங்கே செதுக்கல்கள் கிடையாது.

நாயோடு வருபவர்கள் போக்கா நெக்ராவை விட்டுவிடுங்கள், அங்கே அனுமதி இல்லை. மற்ற இரண்டிலும் கயிற்றோடு கூட்டிப்போகலாம். எங்கே போனாலும் செதுக்கலைத் தொட வேண்டாம். கையின் எண்ணெய் கல்லைக் கெடுக்கும் என்பது ஒருபுறம். பியூப்லோ மக்களுக்கு இது இன்றும் புனித இடம், அதுவே போதுமான காரணம். படம் எடுப்பதானால் உச்சிவெயிலைத் தவிர்த்து, சாய்வான வெளிச்சம் இருக்கும்போது போங்கள். நண்பகலில் கருங்கல் பளபளத்து, கோடுகள் சரியாகத் தெரியாது.