“மூணு பொசிஷன் அட்ஜஸ்டபிள்” வைசர்: ஹிமாலயன் பைக் வைத்திருப்பவர்கள் ஏமாற வேண்டாம்

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்கு கம்பெனி வைசர், அதாவது முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடித் தகடு, குட்டை. நானோ ஆறடிக்கு ஓரங்குலம் கம்மி. எண்பதைத் தாண்டினால் காற்று நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் மொத்தும். அதனால்தான் உயரமான வைசர் தேடினேன்.

சென்னையில் ஒரு ஆக்சஸரீஸ் கடை, பெயர் வேண்டாம். “பாலிகார்பனேட்ணா, சுத்தியல்ல அடிச்சாலும் உடையாது. மூணு பொசிஷன் வச்சுக்கலாம்” என்றான் பையன். ₹4,800. பில் கேட்டால் “பில் போட்டா ரேட் ஏறும்ணா” என்றான். நானும் சரியென்று துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட்டோடு வந்துவிட்டேன். அது முழுக்க என் தப்பு.

முதல் நாளே சத்தம் முன்பைவிட அதிகம். வைசரின் மேல் விளிம்பில் உடைந்து சுழலும் காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து அடித்தது. ஃபுட்ரெஸ்ட்டில் லேசாக எழுந்து நின்றால் அமைதி, உட்கார்ந்தால் தடதட. உயரம் கூடினால் போதாது. விளிம்பு எங்கே முடிகிறது, கீழே காற்று புக இடைவெளி இருக்கிறதா என்பதும் கணக்கு. சரி, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால் பொசிஷனில் பிடித்து நிறுத்த உள்ளே பல்லே இல்லை, வழவழவென்ற ஒரு நீள ஓட்டை. திருகின் பிடியில்தான் மொத்த வைசரும் நிற்கிறது.

ஆடியில் கன்னியாகுமரி கிளம்பினேன். கயத்தாறு காற்றாலைகள் பக்கம் வந்ததும் வைசர் மெல்ல என் பக்கம் சாய ஆரம்பித்தது. நிறுத்தி இறுக்கினேன். பத்து கிலோமீட்டரில் மறுபடி. மூன்றாவது முறை இறுக்கும்போது ‘டக்’. போல்ட் ஓட்டையைச் சுற்றி எட்டுக்கால் பூச்சி மாதிரி கீறல். நாங்குநேரிக்கு முன்னால் ஒரு லாரியை ஓவர்டேக் செய்து அதன் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று அறைந்தது. பாதி வைசர் பிய்த்துக்கொண்டு என் தோளில் அடித்துப் பறந்தது. ஜாக்கெட் போட்டிருந்தேன், பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தில் ஒரு சில்லை இடுக்கியில் பிடித்து லைட்டர் காட்டினேன். லைட்டரை எடுத்த பிறகும் படபடவென்று எரிந்துகொண்டே இருந்தது, லேசாக இனிப்பு வாடை. பாலிகார்பனேட் என்றால் நெருப்பை விலக்கினதும் கரும்புகை விட்டு அணைந்துவிடும். எனக்குத் தள்ளிவிட்டது சாதாரண அக்ரிலிக்.

கடைக்குப் போன் போட்டால் “நீங்க ஓவரா இறுக்கிட்டீங்கண்ணா. ஃபிட்டிங் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது.” அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் இருக்கும் ஆதாரம் கடைப் பெயர்கூட இல்லாத அந்தச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் கிளாம்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள். கழன்று வராமல் இருக்கட்டும் என்று மெக்கானிக் லாக்டைட் என்ற திருகுப் பசை தடவ வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அது பட்டால் நிஜமான பாலிகார்பனேட்டே விரிசல் விடும்.

நான் பழைய குட்டை வைசரையே மாட்டி, காதில் இயர்பிளக் வைத்து ஓட்டுகிறேன். கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே வைசர் இந்த வாரம் ஆஃபர்: ₹3,999.