செகண்ட் லைன் பீச் அத்தோ: வண்டி ஓரத்திலேயே நின்று சாப்பிடுங்கள்

சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். ராஜாஜி சாலைக்கு இணையாக ஒரு தெரு உள்ளே போனால் செகண்ட் லைன் பீச். பகலெல்லாம் லோடு ஏற்றி இறக்கும் தெரு. சாயங்காலம் ஆனால் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கலவை விற்கும் வண்டிகள் வந்துவிடும். சாக்கடை வாடை உண்டு. உட்கார முக்காலி கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பைக்குகளுக்கு நடுவே தட்டை ஏந்தி நிற்க வேண்டியதுதான். ஆனாலும் சென்னையில் அத்தோ சாப்பிட இதைவிட நல்ல இடம் இல்லை.

1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் கடையும் தொழிலும் பறிபோய்த் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் பிசைந்து கலந்தது என்று பொருள். அந்தப் பிசைதலில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆரஞ்சு நிறத்தில் தடித்த கோதுமை நூடுல்ஸ், ஆறியது. அதன்மேல் நறுக்கிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், பூண்டு வாசம் ஏறிய எண்ணெய், எலுமிச்சை, கொத்தமல்லி. அடியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கிறார்கள். அழுத்திப் பிசைந்தால் நூடுல்ஸ் உடைந்து கூழாகிவிடும். பேஜோ என்கிற மொறுமொறு தட்டையைக் கடைசியில்தான் நொறுக்கிப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் புளித்தண்ணீரில் ஊறி நமத்துப்போகும். ஆர்டர் சொல்வதற்கு முன் குவியலைப் பாருங்கள். நூடுல்ஸ் கட்டியாக ஒட்டிக் கிடந்தால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுங்கள். காரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, காரம் கம்மியா." கலந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய், புளி, எண்ணெய் வைத்துத் தருவார்கள். கடித்துக் கடித்துத் தின்றால் பாதி கீழே சிந்தும். ஒரே வாயாகப் போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கரு தொண்டையை அடைத்தால் இருக்கவே இருக்கிறது வாழைத்தண்டு சூப்.

சூப்பைப் பொறுத்தே வண்டியின் தரம் தெரியும். கொதிக்கக் கொதிக்க, மிளகு தூக்கலாக, தண்டு மெத்தென்று இருக்க வேண்டும். நார் பல்லில் மாட்டினால் சரியாக வேகவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பில் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். மெல்லிய சேமியாவை இதே போன்ற சூப்பில் போட்டுத் தருவது மொஹிங்கா. காரம் தாங்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுதான் சரி. தவாவில் வதக்கும் சூடான ஃப்ரை அத்தோ வயிறு நிறைக்கும், அவ்வளவுதான். பூண்டின் வாசம் அதில் அடங்கிவிடுகிறது.

பார்சல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு போய்ச் சேர்வதற்குள் கோஸ் தண்ணீர் விட்டுவிடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் பேஜோ, பொரித்த வெங்காயம், சூப் மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, சாப்பிடும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். மழை நாளில் போக வேண்டாம்.