எண்களை நிரப்புவதா, எக்ஸ் வைப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூன்றாம் படிவப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். இருசமபக்க முக்கோணம் வைத்துத் தெரியாத கோணத்தைக் கேட்டால், சிலர் படத்திலேயே எண்களை எழுதிக்கொண்டே போவார்கள், சிலர் எக்ஸ் வைத்துச் சமன்பாடு போடுவார்கள். இரண்டும் சரியான வழிதான். நான் இப்போது எக்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

எண் நிரப்புவது வேகம், அதில் சந்தேகமில்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் கணித முதல் தாளில் 40 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தானே.

ஆனால் எண்ணில் தப்பு நடந்தால் வெளியே தெரியாது. ஏபிசி என்ற முக்கோணத்தில் ஏபியும் ஏசியும் சமம், ஏ 40 பாகை என்றால் பியும் சியும் தலா 70. ஏசியின் மேல் டி என்ற புள்ளி, பிடியும் பிசியும் சமம். சமபக்கங்களுக்கு எதிரே இருக்கும் கோணங்கள்தான் சமம், அதனால் பிடிசி 70, டிபிசி 40, கேட்ட ஏபிடி 30. பல பிள்ளைகள் டிபிசியையும் பிடிசியையும் சமமாக்கி, தலா 55 போட்டு, ஏபிடி 15 என்று முடித்துவிடுவார்கள். கூட்டிப் பாருங்கள், எல்லா முக்கோணமும் 180க்கு வந்து நிற்கும்! "சரியா வருதே சார்" என்றால் என்ன சொல்வது?

இப்போது 40ஐ எடுத்துவிட்டு, ஏடியும் பிடி, பிசி அளவுக்கே நீளம் என்று கொடுங்கள். ஏ எக்ஸ், அப்போ ஏபிடியும் எக்ஸ், புறக்கோணம் பிடிசி 2எக்ஸ், சியும் 2எக்ஸ், ஏபிசியும் 2எக்ஸ். மொத்தம் 5எக்ஸ் 180, எக்ஸ் 36. அதே தப்பை இங்கே செய்தால் டிபிசி 2எக்ஸ், ஏபிசியும் சியும் 3எக்ஸ் என்று போய், 7எக்ஸ் 180 ஆகி, 25.71 என்று இழுக்கும். பிள்ளைக்கே உறுத்தும். எல்லாக் கேள்விக்கும் முழு எண்தான் விடை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் உறுத்தாவிட்டாலும் எந்த 2எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று வரியிலேயே இருக்கும். படத்தில் கிடக்கும் 55க்கு அப்பா அம்மா யாரென்று யார் கண்டது?

வட்டப் பாடத்துக்கும் இதுவே கைகொடுக்கும். இரண்டு ஆரங்கள் சேர்ந்தால் இருசமபக்க முக்கோணம்தான், மையக்கோணம் பரிதிக்கோணத்தைப்போல் இருமடங்கு என்பதும் இந்த எக்ஸ், 2எக்ஸ் கணக்குதான். நான்காம், ஐந்தாம் படிவத்துக்கு அதிகம் எடுத்ததில்லை, அங்கே எப்படியோ.

இயற்கணிதத்திலேயே தடுமாறும் பிள்ளையை வற்புறுத்துவதில்லை. எண்ணோடு போகட்டும், ஆனால் சமபக்கங்களைக் காட்டும் கீறல் போட்டதும் அதற்கு எதிர்மூலையைப் பென்சிலால் வளைத்துக் குறித்த பிறகுதான் முதல் எண்ணை எழுத விடுவேன்.