சாட்ஸ்வொர்த் அச்சுக்கடை: சோதனைப் பிரதிக்குத் தாராளமாகப் போகலாம்

டர்பனில் ரோல்பிளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதைப்பாத்திரமாக ஆடும்) விளையாட்டு நூல்களை ஃப்ரீலான்ஸாக டெவலப் செய்பவர்களுக்கு முதல் தேவை, விளையாடிப் பார்க்க ஒரு பிரதி. அதற்கு ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள இந்தச் சின்னக் கடை போதும். ஸ்பைரல் பைண்டிங் கேளுங்கள். மேசையில் விரித்தபடியே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால், எதிர்ப்பக்கம் விதித் திருத்தம் எழுத ஆகும்.

நடுவில் பின் அடிக்கும் ஏ5 புத்தகத்தில்தான் கவனம் வேண்டும். மடித்த ஒரு தாளில் 4 பக்கம் வருவதால், பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். 64 பக்கம் என்றால் 16 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. மடித்ததும் நடுத்தாள் ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளும். ஓரம் வெட்டும்போது பக்க எண் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 10 மி.மீ. ஓரம் விடுங்கள். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கேட்டால் சரிசெய்து தருவார்.

அமெரிக்கப் பதிப்பகக் கோப்புகள் லெட்டர் அளவில் (ஏ4-ஐவிடச் சற்று அகலமான அமெரிக்கத் தாள் அளவு) வரும். ஏ4-க்குப் பொருத்தி அச்சிட்டால் 97 சதவீதமாகச் சுருங்கும். விளையாட்டு வரைபடத்தின் ஓர் அங்குலக் கட்டம் 24.7 மி.மீ. ஆகிவிடும், அதன்மேல் நிறுத்தும், 25 மி.மீ. அகல அடிப்பாகமுள்ள பொம்மை அதில் அடங்காது. வரைபடத்தை மட்டும் ஏ3 தாளில், 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.