லேண்ட்லைனை எடுத்துட்டு செல்லுக்கு மட்டும் மாறப்போறீங்களா? 18,500 போன கதையை ஒரு தடவை படிச்சிடுங்க

18,500. இவ்வளவு காசை வாங்கிக்கிட்டு எங்க அம்மா தலையில, லேண்ட்லைன் போன்ல சொருகற ஒரு செத்த சிம் பெட்டியைக் கட்டி அனுப்பியிருக்காங்க. இன்னிக்குக் காலையில அந்தக் கடைக்காரர் "உங்களால என்ன முடியுமோ பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டார், அந்தச் சூட்டோடதான் உக்காந்து எழுதறேன், அங்கங்க பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேரைப் போடல, புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும். சிம், ரீசார்ஜ், பழைய போன் ரிப்பேர், எல்லா நெட்வொர்க் கனெக்‌ஷனும் ஒரே இடத்துல பண்ற சின்ன செல்போன் கடை, அவ்வளவு தெரிஞ்சா போதும். வயசான அப்பா அம்மா தனியா இருக்கற வீட்டுல லேண்ட்லைனை எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதறேன்.

அம்மா வீட்டு லேண்ட்லைன் ரொம்ப வருஷமா இருக்கற லைன். சொந்தக்காரங்க, டாக்டர், பேங்க், பென்ஷன் ஆபீஸ் எல்லார்கிட்டயும் இருக்கறது அந்த ஒரு நம்பர்தான். சமீபமா லைன்ல ஒரே கரகரப்பு, மழை பெஞ்சா டெட், புகார் பண்ணா ஆள் வரவே நாளாகும், பில் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எங்க பாத்தாலும் செம்புக் கம்பி லைனை மூடிக்கிட்டுதான் வராங்க, இங்கிலாந்துல பழைய லேண்ட்லைன் நெட்வொர்க்கையே 2027 ஜனவரிக்குள்ள முழுசா நிறுத்தப் போறாங்க. அதனால எப்படியும் மாறித்தான் ஆகணும்னு முடிவு பண்ணோம். ஆனா அம்மாவுக்கு டச் போன் ஒத்துவராது, விரல்ல மூட்டுவலி, காது கொஞ்சம் மந்தம், பெரிய பட்டன் வெச்ச பழைய போன்ல ரிசீவரை எடுத்து காதுல வெச்சாதான் பேச வரும்.

அப்பதான் இந்தக் கடையில ஒரு பெட்டியைக் காட்டினாங்க. உள்ள சிம் போட்டு, பின்னாடி வீட்டு போன் வயரைச் சொருகினா, பழைய லேண்ட்லைன் போன்லயே செல் நெட்வொர்க் மூலமா பேசலாம். அப்படி ஒரு சாதனம் உண்மையிலேயே இருக்கு, நல்ல மாடலா வாங்கினா நல்லாவே வேலை செய்யும், அதுல பொய் கிடையாது. பொய் மத்த எல்லாத்துலயும்.

அந்த ஆள் பேசின விதத்தை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. அம்மாவுக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சார். காது மந்தம்னு ரெண்டாவது வார்த்தையிலயே புரிஞ்சுக்கிட்டு, பக்கத்துல வந்து குனிஞ்சு சத்தமா நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அம்மா, உங்க நம்பர் மாறவே மாறாது, அதே நம்பர், அதே போன், வயர் மட்டும்தான் போகுது"ன்னார். கடையில இருந்த ஒரு போனை அந்தப் பெட்டியில சொருகி ரிசீவரை அம்மா கையில குடுத்தார், டயல் டோன் கேட்டுச்சு, அம்மா முகம் அப்படி மலர்ந்துடுச்சு, "கேக்குதும்மா, அப்படியே கேக்குது"ன்னு என்னைப் பாத்துச் சொன்னாங்க. அங்கேயே என் நம்பரைப் போடச் சொன்னார், பக்கத்துல நின்ன என் போன் அடிச்சுது, அம்மாவும் நானும் ரெண்டடி தூரத்துல நின்னு ஹலோ ஹலோன்னு பேசிக்கிட்டோம். "எங்கம்மாவுக்கும் இதைத்தான் அக்கா போட்டுக் குடுத்திருக்கேன்"ன்னார். பெத்தவளைச் சொல்லி ஒருத்தன் பொய் சொல்லுவான்னு யாருக்குத் தோணும்?

அம்மா கழுத்துல ஒரு எமர்ஜென்சி பட்டன் போட்டிருக்காங்க, கீழ விழுந்தா அமுக்கினா லேண்ட்லைன் வழியா தானா உதவி சென்டருக்கு போன் போகும். நான் அதைக் குறிப்பா கேட்டேன், ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப கேட்டேன், இதுவும் இந்தப் பெட்டியில வேலை செய்யுமான்னு. "எந்த போன் வயரா இருந்தாலும் சொருகிடுங்கக்கா, அதுக்கு என்ன வித்தியாசம் தெரியும்"னு சொன்னார்.

கணக்கு இதுதான்: பெட்டி 9,000, பழைய நம்பரை சிம்முக்கு மாத்திக் குடுக்க 2,500, ரெண்டு வருஷத்துக்கு அன்லிமிடெட் கால் பிளான் மொத்தமா முன்பணம் 7,000. ஆக 18,500. அம்மா சேத்து வெச்ச காசு அது, என்னை ஒரு பைசா போட விடல, "என் போனுக்கு நானே குடுக்கறேன்"ன்னு பர்ஸ்லேர்ந்து எண்ணி எண்ணிக் குடுத்தாங்க. ரசீதுல அவரே கையால "நம்பர் டிரான்ஸ்பர் உட்பட"ன்னு எழுதி சீல் வெச்சுக் குடுத்தார். குடுத்துட்டு, "அக்கா, முதல்ல லேண்ட்லைன் ஆபீஸ்ல சொல்லி லைனை கேன்சல் பண்ணிடுங்க, அங்க விட்டாதான் நம்பர் ஃப்ரீ ஆகும், அப்புறம் நான் இழுத்துக்கறேன், அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு புது நம்பர் ஓடட்டும்"ன்னார்.

இந்த ஒரு வரியிலதான் நம்பர் போச்சு. நம்பரை போர்ட் பண்றதுன்னா, அதாவது அதே நம்பரை வேற கம்பெனிக்கு மாத்தறதுன்னா, பழைய லைன் உயிரோட இருக்கறப்பவே புது கம்பெனி மூலமா விண்ணப்பம் போகணும், நம்பர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் பழைய லைன் தானா மூடும். முன்னாடியே கேன்சல் பண்ணிட்டா போர்ட் பண்றதுக்கு அங்க ஒண்ணுமே இருக்காது, கொஞ்ச நாள் கழிச்சு அந்த நம்பர் வேற யாருக்காவது போயிடும். இதை லேண்ட்லைன் கம்பெனி ஹெல்ப்லைன்ல இருந்த பொண்ணு எனக்கு விளக்கிச் சொன்னப்ப அந்தப் பொண்ணுக்கே பாவமா இருந்துச்சு, "ஏங்க கேன்சல் பண்ணச் சொன்னாங்க, தொழில் பண்றவங்களுக்கு இது தெரியாம இருக்காதே"ன்னு கேட்டாங்க. அதேதான் நானும் கேக்கறேன். தெரியாம இருக்குமா? 2,500 வாங்கிக்கிட்டு, வேலை நடக்கவே நடக்காத மாதிரி நம்மளையே கையெழுத்துப் போட வெச்சிருக்கார்.

பெட்டி கதை இதைவிட மோசம். முதல் சில நாள் ஓடுச்சு, குரல் விட்டு விட்டு வந்துச்சு, ஜன்னல் பக்கத்துல வெச்சா கொஞ்சம் பரவால்லை. அப்புறம் ஒரு நாள் சிவப்பு லைட் எரிய ஆரம்பிச்சது, அதோட சரி. ரிசீவரை எடுத்தா டயல் டோன் மட்டும் வருது, எந்த நம்பர் போட்டாலும் போகல. டயல் டோனைப் பெட்டியே உண்டாக்குதாம், நெட்வொர்க் இருக்கோ இல்லையோ அது கேக்கும், கடையில அம்மா சந்தோஷப்பட்ட அந்த சத்தத்துக்கு அர்த்தமே கிடையாது. அம்மா பாவம், டோன் வருதே, நாமதான் நம்பரைத் தப்பா போடறோம் போலன்னு நினைச்சுக்கிட்டு நாள் முழுக்க அமுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. எனக்கு போன் வரலையேன்னு நான் நேர்ல போய்ப் பாத்தப்பதான் தெரியும்.

நெட்வொர்க் கம்பெனியில கேட்டா, பெட்டிக்குக் கீழ ஒட்டியிருக்கற மாடல் நம்பரைப் படிக்கச் சொன்னாங்க. அது பழைய 3ஜி பெட்டி. அம்மா ஏரியாவுல 3ஜியை மூடியாச்சு, மூடப்போறோம்னு முன்கூட்டியே கடைகளுக்கெல்லாம் சொல்லியாச்சுன்னாங்க. இது உலகம் முழுக்க நடக்கறதுதான், சிங்கப்பூர்ல 2017லயே 2ஜியை நிறுத்திட்டாங்க, அமெரிக்காவுல 2022ல பெரிய கம்பெனிகள் 3ஜியை மூடினாங்க, ஆஸ்திரேலியாவுல 2024ல மூடினாங்க. மூடினப்புறம், 2ஜியும் இல்லாத இடத்துல, 4ஜி வழியா குரல் போற வோல்டி வசதி இருக்கற கருவியில மட்டும்தான் பேச முடியும். ஆக, விக்காம தங்கிப்போன சரக்கை, அது சாகப்போகுதுன்னு தெரிஞ்சே, 9,000க்கு ஒரு வயசான பொம்பளை தலையில கட்டியிருக்கார். இதுக்கு வேற பேர் என்ன?

நெட்வொர்க் கம்பெனிகிட்ட அதே போன்ல பேசறப்பதான் இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷ பிளான்னு ஒண்ணு அந்த சிம்ல இல்லவே இல்ல. ஒரு மாச ரீசார்ஜ் மட்டும் போட்டிருக்கார். மீதி காசு அவர் பாக்கெட்ல. நான் கேட்டது சரியா காதுல விழுந்துச்சான்னு திருப்பித் திருப்பி கேட்டேன், ஒரே மாசம்தான் மேடம்னாங்க.

எமர்ஜென்சி பட்டனைப் பத்திச் சொல்லவே மனசு வரல. பெட்டி ஓடிக்கிட்டிருந்த அந்த சில நாள்லயே அது வேலை செய்யல. அது லேண்ட்லைன்ல சின்னச் சின்ன டோன் சத்தமா தகவல் அனுப்பற கருவி, செல் நெட்வொர்க் பேச்சைச் சுருக்கி அனுப்பறப்ப அந்த டோனெல்லாம் சிதைஞ்சு போயிடும், அந்தப் பக்கம் புரியாது. பட்டன் கம்பெனிக்காரங்க சோதனைக்கு அமுக்கச் சொன்னப்பதான் எங்களுக்கே தெரியவந்துச்சு. அம்மா அத்தனை நாளும் அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு தைரியமா பாத்ரூம் போயிட்டு வந்திருக்காங்க. காசு போனதுகூட ஒரு நாள் ஆறிடும், இது எனக்கு ஆறவே ஆறாது.

இனி கடைக்காரர் பதில்களைக் கேளுங்க. முதல்ல போனப்ப, "சிக்னல் பிரச்சனை அக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்." அடுத்து, "பெட்டியை மாடில வெச்சுப் பாருங்க." மாடில ஏற அம்மாவால முடியாதுன்னா, "நீளமா ஒரு வயர் வாங்கிக்கோங்க, நம்மகிட்டயே இருக்கு", அதுக்கும் காசு. நம்பர் எங்கன்னா, "பிராசஸ்ல இருக்கு." நம்பர் திரும்பி வராதுன்னு லேண்ட்லைன் கம்பெனியே சொல்லிடுச்சுன்னு சொன்னதும், "அது அவங்க தப்பு, அவங்களைக் கேளுங்க." 3ஜி பெட்டியைப் பத்திக் கேட்டா, "நான் டீலர்கிட்ட வாங்கி விக்கறவன், டீலரைக் கேக்கணும்", டீலர் நம்பர் குடுங்கன்னா, "அதெல்லாம் குடுக்க முடியாது." கவுன்ட்டர்ல ஒரு பையனை நிறுத்தி "முதலாளி வெளிய போயிருக்கார்"னு சொல்ல வெச்சதும் நடந்துச்சு, உள் ரூம்ல அவர் பேசற குரல் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. 18,500ஐத் திருப்பிக் குடுங்கன்னு வாய்விட்டுக் கேட்ட அன்னிக்குத்தான் அக்கா போய் மேடம் ஆயிடுச்சு: "மேடம், சிம் ஆக்டிவேட் பண்ணா ரிட்டர்ன் கிடையாது, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க." பின்னாடி திருப்பிப் பாத்தா வெறும் தாள். அதைக் காட்டினா, "பழைய பில் புக்ல போட்டுக் குடுத்திருப்பாங்க"ன்றார். கூட வந்திருந்த அம்மா, "தம்பி, என் நம்பரையாவது வாங்கிக் குடுப்பா"ன்னு கேட்டாங்க. அவர் தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல, அடுத்த கஸ்டமர்கிட்ட கவர் காட்டிக்கிட்டிருந்தார். அன்னிக்கு நாற்காலி போட்ட அதே ஆள்.

நம்பர் போனது எவ்வளவு பெரிய விஷயம்னு போகப் போகத்தான் தெரியுது. பேங்க்ல பதிஞ்ச நம்பர் அதுதான், மாத்தணும்னா அந்த நம்பருக்கே போன் பண்ணி உறுதி பண்ணுவோம்னாங்க. டாக்டர் ஆபீஸ்லேர்ந்து டெஸ்ட் ரிசல்ட் சொல்ல அங்கதான் கூப்பிட்டிருக்காங்க. வீட்டு இன்டர்நெட்டும் அதே கம்பி வழியா வந்துக்கிட்டிருந்தது, லைனை கேன்சல் பண்ண அன்னிக்கே அதுவும் நின்னுடுச்சு, அதைப் பத்தியும் அந்த ஆள் மூச்சு விடல. கரன்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் அடிக்கும், எக்ஸ்சேஞ்சுலேர்ந்து கம்பி வழியாவே 48 வோல்ட் கரன்ட் வந்துக்கிட்டிருக்கும். இந்தப் பெட்டி கரன்ட் போன கொஞ்ச நேரத்துல கண்ணை மூடிடுச்சு.

இப்போதைக்கு அம்மாவுக்கு வோல்டி இருக்கற பெரிய பட்டன் செல்போன் ஒண்ணு வாங்கிக் குடுத்து, பட்டன் கம்பெனிகிட்டயே சிம் உள்ளயே இருக்கற மாடல் மாத்தி வாங்கியிருக்கேன். அதுக்கெல்லாம் தனி செலவு, 18,500 கணக்குல அது சேராது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப புகாருக்கு ரசீது நகல் எடுக்க ஓடணும், முக்கியமானதை மட்டும் வேகமா சொல்லிடறேன். நம்பர் புது சிம்ல வந்து, அதுக்கு இன்னொரு போன்லேர்ந்து கால் போட்டுப் பாக்கறவரைக்கும் லேண்ட்லைனை கேன்சல் பண்ணாதீங்க, யார் சொன்னாலும் சரி. முதல்ல உங்க நாட்டுல வீட்டு நம்பர் செல்லுக்கு மாறுமான்னே கேளுங்க, அமெரிக்காவுல 2003லேர்ந்து மாத்தலாம், இந்தியாவுல 2011ல நாடு முழுக்க வந்த போர்ட் வசதி செல் நம்பரை இன்னொரு செல் கம்பெனிக்கு மாத்தத்தான். அதைக் கடையில கேக்காதீங்க, நெட்வொர்க் கம்பெனியிலயே கேளுங்க. பெட்டி வாங்கினா 4ஜி, வோல்டி ரெண்டும் அட்டையில எழுதியிருக்கணும், டயல் டோனை நம்பாதீங்க, உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் உங்க சிம் போட்டுப் பேசிப் பாத்துட்டு காசு குடுங்க. எமர்ஜென்சி பட்டன், திருட்டு அலாரம், ஃபேக்ஸ் எதாவது அந்த வயர்ல இருந்தா அந்தந்த கம்பெனிக்கு முதல்ல போன் பண்ணுங்க. ரெண்டு வருஷ பிளான்னு மொத்தமா கடைக்காரன் கையில காசு குடுக்கவே குடுக்காதீங்க, மாசாமாசம் நீங்களே போடுங்க.

இதே மாதிரி பெட்டியை யாராவது சமீபமா வாங்கியிருந்தா கீழ ஒட்டியிருக்கற மாடல் நம்பரை இன்னிக்கே பாருங்க, ரிட்டர்ன் தேதி தாண்டறதுக்குள்ள.