காதலர் தினத்துக்கு ஒரு கொத்து ரோஜா: கிருஷ்ணகிரியில் நான் வாங்கிய கடை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு அருகில் உள்ள ஒரு சிறிய பூக்கடையில், பிப்ரவரி 13 மாலை என் மனைவிக்காக 20 சிவப்பு ரோஜாக்கள் கொண்ட ஒரு கொத்தை 400 ரூபாய்க்கு வாங்கினேன். சாதாரண நாட்களில் அங்கே இதில் பாதி விலைதான் என்றாலும், கொடுத்த பணத்துக்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை.

சங்கப் பாடல்களில் தலைவன் காதலிக்காகக் கொண்டுவரும் பூவுக்கும் தழைக்கும் கையுறை என்று பெயர். ‘இந்தப் பூ எங்கள் மலையிலேயே நிறைய இருக்கிறது’ என்று தோழி அதை மறுப்பதும் உண்டு. என் மனைவி பாகலூர்ப் பக்கத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்கு நடுவே வளர்ந்தவர். அவருக்கு ரோஜா கொடுப்பதென்றால் பூ உண்மையிலேயே நன்றாக இருக்க வேண்டும்.

ஓசூர், பாகலூர், தளி வட்டாரங்களில் காதலர் தினத்தைக் கணக்கிட்டே டிசம்பரில் செடிகளின் கிளைகளை நறுக்கிக் கவாத்து செய்கிறார்கள். நீண்ட காம்பும் கெட்டியான மொட்டும் உள்ள தாஜ்மகால் ரகத்தில் முதல் தரப் பூக்கள் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கு விமானம் ஏறிவிடுவதால், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் விளையும் பூவே நம் கடைகளுக்குச் சில நேரங்களில் பல நாள் குளிர்பதன அறையில் கிடந்த சரக்காக வந்து சேர்கிறது. சென்ற ஆண்டு வேறொரு கடையில் மினுமினுப்புத் தூள் தெளித்துக் கொடுத்த கொத்து, மறுநாள் மதியத்துக்குள் தலை தொங்கிவிட்டது.

இந்தக் கடைக்கார அம்மா, மொட்டின் மேல் மாட்டியிருந்த வலையை உருவிவிட்டு, “அடியில அழுத்திப் பாருங்கண்ணா, கெட்டியா இருந்தாத்தான் புதுப்பூ” என்று என் கையில் கொடுத்தார். பிறகு தண்ணீரில் மூழ்கும் இலைகள் அழுகிவிடும் என்று அவற்றைக் களைந்து, காம்புக்குள் காற்று புகாமலிருக்க வாளித் தண்ணீருக்குள்ளேயே வைத்து ஒவ்வொன்றாகச் சாய்வாக நறுக்கி, செய்தித்தாளில் சுற்றித் தந்தார். அவசரமாக நின்ற மூன்று பேருக்கும் அதே நிதானத்தோடுதான் செய்தார்.

குறை ஒன்று உண்டு. பிப்ரவரி 7, ரோஸ் டே அன்றிலிருந்தே ஒற்றைப் பூவை 30 ரூபாய்க்கு விற்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அது அதிகம். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதியும் இல்லை.

மனைவி கொத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது பூவையல்ல, காம்பின் வெட்டுவாயை. பிறகு வெளியிதழ்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பூவின் காம்பைக் குட்டையாக நறுக்கிப் பின்னலில் செருகிக்கொண்டார். மீதிப் பத்தொன்பதும் தினமும் தண்ணீர் மாற்றியதில் எட்டு நாள் நின்றன.